மாடல் விமானம் வாங்கும் முன்: வேலூர்ப் பக்கத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தெர்மகோலும் ஃபோம் போர்டும் ஒட்டிச் செய்த ஒரு விமானம். முன்னால் ஒரு மோட்டார், இறக்கைக்கு அடியில் இரண்டு சர்வோ (திருப்பும் மடிப்புகளை அசைக்கும் குட்டி மோட்டார்), வாலில் இரண்டு. கேமரா கிடையாது, ஜிபிஎஸ் கிடையாது. இதற்கெல்லாம் ட்ரோன் சட்டம் எங்கே வரப்போகிறது என்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்ப் பையன்கள் பலர் நினைக்கிறார்கள். வரும். 2021 ஆகஸ்ட் 25 அன்று அமலுக்கு வந்த ட்ரோன் விதிகள், கேமரா இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. ஆள் ஏறாமல் தூரத்திலிருந்து இயக்கப்படும் எந்த விமானமும் அதற்குள் அடங்கும். நான்கு விசிறி வைத்ததும் அதுதான், இறக்கை வைத்ததும் அதுதான்.

ஆனால் பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. 2014 அக்டோபரில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஆளில்லா விமானங்களைப் பொதுமக்கள் பறக்கவிடக் கூடாது என்று அறிவித்துவிட்டு, சில ஆண்டுகள் விதியே இல்லாமல் வைத்திருந்த காலத்தோடு ஒப்பிட்டால், இன்றைய நிலை எவ்வளவோ மேல். பொழுதுபோக்குக்காரர்களுக்கென்றே விதியில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த இடத்துக்குள் நிற்க மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும்: விமானத்தின் எடை, பறக்கவிடும் இடம், எதற்காகப் பறக்கவிடுகிறீர்கள் என்பது. இவற்றைத் தீர்மானித்த பிறகு கடைக்குப் போங்கள். நம் ஆட்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆன்லைனில் பெரிய கிட் ஒன்றை வாங்கிவிட்டு, அப்புறம்தான் எங்கே பறக்கவிடலாம் என்று தேடுகிறார்கள்.

முதல் படி: தராசு

விதிகள் ஆளில்லா விமானங்களை எடையை வைத்து ஐந்தாகப் பிரிக்கின்றன. 250 கிராம் வரை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை ஸ்மால். மீதி இரண்டும், 150 கிலோ வரையும் அதற்கு மேலும், நம் கவலை இல்லை. எடை என்றால் பேட்டரி, மேலே கட்டியது எல்லாம் சேர்த்துப் பறக்கும்போது உள்ள எடை. காலி உடம்பை மட்டும் தராசில் வைத்து ஏமாறக் கூடாது.

நம்மைப் போன்றவர்களுக்கு 2 கிலோக் கோடுதான் முக்கியம். வணிக நோக்கம் இல்லாமல் மைக்ரோ வகையைப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. நானோ வகைக்கும் தேவையில்லை. 2 கிலோவைத் தாண்டினால் சான்றிதழ் வந்துவிடும்: வயது 18க்கும் 65க்கும் இடையில் இருக்க வேண்டும், பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிலையத்தில் பயின்று தேற வேண்டும். பயிற்சிக் கட்டணம் ஒரு நல்ல விமானக் கிட்டின் விலையைச் சுலபமாகத் தாண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் பறக்கவிட இத்தனை பாடு வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இங்கே பழைய ஆட்களின் ஆலோசனை ஒன்று இடிக்கும். முன்பெல்லாம் புதியவர்களுக்குச் சிபாரிசு செய்யப்பட்டது பால்சா மரத்தில் செய்த, எரிபொருள் எஞ்சின் வைத்த 'நாற்பது சைஸ்' ட்ரெய்னர், அதாவது கற்றுக்கொள்வதற்கான விமானம். அற்புதமான விமானம், காற்றில் கல் மாதிரி நிற்கும். ஆனால் அது எரிபொருளோடு இரண்டு, இரண்டரைக் கிலோ வந்துவிடும். கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது. அதே வேலையைச் செய்கிற 1.2 மீட்டர் இறக்கை கொண்ட ஃபோம் ட்ரெய்னர், 2200 எம்ஏஎச் மூன்று செல் லைப்போ பேட்டரியோடு சேர்த்தே ஒரு கிலோவை ஒட்டித்தான் நிற்கும். ஆகவே புதியவருக்கு என் தேர்வு: மேல் இறக்கை வைத்த ஃபோம் ட்ரெய்னர், 700 கிராமிலிருந்து ஒரு கிலோவுக்குள்.

250 கிராமுக்குள் அடக்கிவிட்டால் இன்னும் சுலபம்தானே என்று கேட்கலாம். காகிதத்தில் சுலபம்தான், மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்து கூட நானோவுக்கு விலக்கு உண்டு. ஆனால் பாலாற்றங்கரையில் ஆனி, ஆடி மாதக் காற்றில் 200 கிராம் விமானம் என்ன பாடுபடும் என்று பார்த்தவர்கள் அதைப் புதியவர் கையில் கொடுக்க மாட்டார்கள். கை பழகியவருக்கு அது சரி. கற்றுக்கொள்ள அது உதவாது.

இரண்டாம் படி: வரைபடம்

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ட்ரோன்களுக்கான அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கையில் இந்தியாவின் வான்வெளி வரைபடம் இருக்கிறது. 2021 செப்டம்பரில் வெளியானது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம். பச்சையில் தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை, முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். மஞ்சளில் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசு அனுமதித்தால்தான். பொழுதுபோக்குக்காரர் சிவப்பை மறந்துவிடலாம்.

இயங்கும் விமான நிலையத்தின் சுற்றுச்சுவரிலிருந்து 5 முதல் 8 கிலோமீட்டர் வரை தரையிலிருந்தே மஞ்சள், அதைவிட நெருங்கவே வேண்டாம். 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்குக் கீழே பச்சை, அதற்கு மேலே மஞ்சள். வேறெங்கும் 400 அடிக்கு மேலே மஞ்சள். விதி இவ்வளவுதான்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். வேலூருக்கு மேற்கே, பெங்களூரு சாலையை ஒட்டி அப்துல்லாபுரத்தில் பழைய விமான ஓடுதளம் இருக்கிறது. சிறு நகரங்களுக்கு விமான சேவை கொண்டுவரும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சேர்த்துப் புதுப்பித்திருக்கிறார்கள். இதை எழுதும்போது பயணிகள் சேவை தொடங்கவில்லை. அதனால் அங்கே போய்ப் பறக்கவிடலாமா என்று கேட்கும் ஆள் ஒவ்வொரு வருடமும் ஒருவராவது வருவார். வேண்டாம். அது விமான நிலைய ஆணையத்தின் நிலம், உள்ளே நுழைவதே தப்பு. அதைவிட முக்கியமான விஷயம் வேறு. அந்த நிலையம் இயங்கத் தொடங்கினால் அதைச் சுற்றிய நிறம் மாறும். வேலூர் நகரத்தின் பெரும்பகுதி அந்த 12 கிலோமீட்டர் வட்டத்துக்குள் விழும். போன வருடம் பச்சையாக இருந்த மைதானம் இந்த வருடம் மஞ்சளாகலாம். ஆகவே நண்பர் சொன்னார், போன மாதம் பார்த்தேன் என்பதையெல்லாம் நம்பாமல், கிளம்பும் காலையில் வரைபடத்தைத் திறந்து பாருங்கள்.

கிழக்கே கதை வேறு. அரக்கோணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் ராஜாளி இருக்கிறது. 1992 மார்ச்சில் தொடங்கப்பட்ட விமானத் தளம். பி-8ஐ கண்காணிப்பு விமானங்கள் அங்கிருந்துதான் கடலுக்குப் போய் வருகின்றன. கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளியும் அங்கேதான். 2021 ஜூலையில் கடற்படை தன் நிலையங்களைச் சுற்றி 3 கிலோமீட்டருக்குள் ட்ரோன் போன்றவற்றைப் பறக்கவிடத் தடை அறிவித்தது. மீறி வந்தால் அழிக்கவோ பறிமுதல் செய்யவோ நேரும் என்றும் சொன்னது. 3 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள், விமான தள வட்டங்கள் தனியாக இருக்கின்றன. அதுவுமில்லாமல், பயிற்சி ஹெலிகாப்டர்கள் தாழப் பறக்கும். அரக்கோணம், தக்கோலம், நெமிலிப் பக்கத்து நண்பர்களுக்கு என் யோசனை ஒன்றுதான்: மேற்கே வாருங்கள். பெட்ரோல் செலவு கொஞ்சம்தான்.

வரைபடம் பச்சை என்று காட்டுகிற இடமெல்லாம் நல்ல இடம் இல்லை. கோட்டை மைதானம் நகர நடுவில் காலியாகக் கிடக்கிறது என்று ஆசை வரும். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது, சாலையில் எந்நேரமும் கூட்டம், சற்றுத் தூரத்தில் சிஎம்சி. தொரப்பாடி சிறைப் பக்கம், ராணிப்பேட்டை பெல் தொழிற்சாலைப் பக்கம், காட்பாடி ரயில் பாதையை ஒட்டிய திடல்கள், ஸ்ரீபுரம் கோயில் சுற்றுவட்டாரம், இவற்றையும் விட்டுவிடுங்கள். மனிதருக்கோ சொத்துக்கோ ஆபத்து வரும்படி பறக்கவிடக் கூடாது என்று விதியே சொல்கிறது. நான்கு வழிச்சாலைக்கு மேலே மோட்டார் நின்றுபோனால் அந்த விதி என்ன அர்த்தம் என்று புரிந்துவிடும்.

அப்படியானால் எங்கே? கோடையில் வற்றிய ஏரியின் உள்வாய்தான் நம் மாவட்டங்களின் சிறந்த விமானத் திடல். தட்டையாக இருக்கும், மேலே மின்கம்பி குறைவு, கரையில் நின்றால் முழு வானமும் தெரியும். அறுவடை முடிந்த நெல் வயலும் கேழ்வரகுக் கொல்லையும் அடுத்தபடி. பாலாற்று மணல் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் மணல் அள்ளிய பள்ளங்கள் கண்ணுக்குத் தெரியாது. விழுந்த விமானத்தைத் தேடிப்போய்க் காலை ஒடித்துக்கொள்ள வேண்டாம். கொல்லை என்றால் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஏரி என்றால் பஞ்சாயத்துத் தலைவரிடம் சொல்லிவிடுங்கள். "அண்ணா, இன்னைக்குக் காலைல ஒரு மணி நேரம், சின்ன விமானம், கேமரா இல்லை" என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். சொல்லாமல் இறங்கினால்தான் யாராவது காவல் நிலையத்துக்குப் போன் போடுவார்கள். உள்ளூர் நிலையத்திலும் ஒருமுறை அறிமுகப்படுத்திக்கொள்வது நல்லது. விதி அதைக் கேட்கவில்லை, ஊர் கேட்கும்.

ஆந்திர எல்லை தாண்டிச் சித்தூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு: 1911 வரை அந்தப் பக்கத்தில் பெரும்பகுதி வட ஆர்க்காட்டில்தான் இருந்தது, இப்போதும் விதியில் வித்தியாசம் இல்லை. இது மத்திய அரசு விதி.

மூன்றாம் படி: கடை

பறக்கத் தயார் நிலையில் உள்ள ட்ரோன்களை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரி 9 முதல் தடை. முழுதாக வந்தாலும், பிரித்த பாகங்களாக ஒரே கிட்டாக வந்தாலும் தடைதான். ஆராய்ச்சி, பாதுகாப்புத் துறைகளுக்கு மட்டும் அனுமதி பெற்று வரலாம். உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. சீனத் தளத்தில் பளபளவென்று இருக்கும் பெட்டியை ஆர்டர் செய்துவிட்டுச் சுங்கத்தில் மாட்டிக்கொள்வதைவிட, உள்ளூரில் மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி., சர்வோ, ரிசீவர் வாங்கி உடம்பை நீங்களே ஃபோம் போர்டில் வெட்டுவது எல்லா வகையிலும் மேல். உடைந்தால் நீங்களே ஒட்டத் தெரிந்திருப்பீர்கள். கட்டாயம் உடையும்.

டிரான்ஸ்மிட்டர், அதாவது கையில் பிடிக்கும் ரிமோட், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருக்கட்டும். அந்த அலைவரிசையைக் குறைந்த சக்தியில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005 முதலே அனுமதி உண்டு. பழைய பொருள் விற்பவரிடம் 35 அல்லது 72 மெகாஹெர்ட்ஸ் செட் மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். வாங்கும் பொருட்களின் பில்லையும் வரிசை எண் ஒட்டிய அட்டைப்பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள். பதிவின்போது விமானத்தின் எண்ணோடு அதன் கட்டுப்பாட்டுக் கருவி, ரிமோட் ஆகியவற்றின் எண்களும் இணைக்கப்படும்.

நான்காம் படி: காகிதம்

விதியில் 'மாடல்' என்று ஒரு வகையே தனியாக இருக்கிறது. 25 கிலோவுக்கு மிகாத எடை, கல்வி, ஆராய்ச்சி, வடிவமைப்பு, சோதனை அல்லது பொழுதுபோக்குக்கு மட்டும், கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் மட்டும் இயக்குவது. இந்த மூன்றும் பொருந்தினால் வகைச் சான்று, அதாவது அந்த ரக விமானம் தகுதியானது என்ற அரசுச் சான்று, வேண்டாம். அதுதான் பெரிய விடுதலை. ஏனென்றால் வகைச் சான்று உற்பத்தியாளர் லட்சக்கணக்கில் செலவழித்து வாங்குகிற சமாச்சாரம், வீட்டில் வெட்டிய ஃபோமுக்கு அது நடக்கிற காரியமில்லை.

ஆனால் வகைச் சான்றிலிருந்து விலக்கு என்றால் எல்லாவற்றிலிருந்தும் விலக்கு என்று அர்த்தமில்லை. விதியில் விலக்கு சொல்லப்படாத ஒவ்வொரு ஆளில்லா விமானத்துக்கும் தனி அடையாள எண் வாங்க வேண்டும். படிவத்தின் பெயர் டி-2, கட்டணம் 100 ரூபாய். முதலில் டிஜிட்டல் ஸ்கையில் இருந்த இந்தச் சேவைகள் இப்போது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் இ-ஜிசிஏ தளத்துக்கு மாறிவிட்டன. வரைபடம் மட்டும் பழைய இடத்திலேயே. கிடைத்த எண்ணை இறக்கையில் பெயிண்ட் மார்க்கரால் எழுதிவையுங்கள், கூடவே உங்கள் கைபேசி எண்ணும். தென்னந்தோப்புக்குள் போன விமானத்தைத் திருப்பிக் கொண்டுவருவது பெரும்பாலும் அந்தக் கைபேசி எண்தான்.

மைக்ரோ வகைக்கு மூன்றாம் நபர் காப்பீடு விதிப்படி வேண்டும். சின்ன விமானத்துக்கு எதற்கு என்று தோன்றும். ஒரு கிலோ எடை மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர் மேல் விழுவதை நினைத்துப் பாருங்கள், முன்னால் விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது.

நோக்கம் மாறினால் எல்லாம் மாறும். அதே விமானத்தில் கேமரா கட்டிக் கல்யாண வீட்டில் காசு வாங்கிப் படம் எடுத்தால் அது பொழுதுபோக்கு இல்லை. சான்றிதழும் வகைச் சான்றும் தேவைப்படும் இடத்துக்குப் போய்விடுகிறீர்கள். கண்ணாடி மாட்டிக்கொண்டு விமானத்தின் கேமரா வழியே பார்த்து ஓட்டுவதும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியும் தூரம் என்ற நிபந்தனையோடு அது ஒத்துப்போகாது. புதியவர் அதைத் தொடவே வேண்டாம்.

பொறியியல் மாணவர்களுக்குத் தனியாக ஒரு சொல். காட்பாடியிலும் சுற்றியும் கல்லூரிகள் நிறைய, போட்டிக்கு விமானம் செய்கிறவர்களும் நிறைய. அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனம் ஆராய்ச்சி, சோதனைக்காகப் பறக்கவிட்டால் வகைச் சான்று, அடையாள எண், பைலட் சான்றிதழ் எல்லாவற்றிலிருந்தும் விலக்கு. பச்சை மண்டலமாக இருக்க வேண்டும், நிறுவனத்தின் வளாகத்துக்குள் அல்லது அதன் கட்டுப்பாட்டில் உள்ள திறந்தவெளியில் இருக்க வேண்டும். இந்த விலக்கு நிறுவனத்துக்கு, உங்களுக்கு இல்லை. அதே விமானத்தை விடுமுறையில் ஊருக்குக் கொண்டுபோய் ஏரியில் பறக்கவிட்டால் அந்த விலக்கு உங்களோடு வராது. துறைத்தலைவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக் கோப்பில் வையுங்கள். 2 கிலோவுக்கு மேல் செய்து பார்க்க ஆசைப்படும் மாணவர்கள் அந்த ஆசையைக் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே தீர்த்துக்கொள்வதுதான் மலிவு.

ஐந்தாம் படி: அன்று காலை

வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பறக்கவிடும் நேரம் காலை ஆறிலிருந்து எட்டரை. அதற்குப் பிறகு தரை சூடாகி அனல் மேலெழும், விமானம் இறங்கவே மறுக்கும். லைப்போ பேட்டரியைச் சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். வீட்டில் சார்ஜ் போடும்போது பக்கத்திலேயே இருங்கள். ஒரு மண்சட்டியில் மணல் போட்டு அதன் மேல் வைப்பது பழைய பழக்கம், நல்ல பழக்கம்.

கிளம்பும் முன் வரைபடத்தை மறுபடி பாருங்கள் என்று சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாநில அரசோ காவல்துறையோ ஒரு பகுதியை ஒரே நேரத்தில் 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி செய்வது. முதல்வரோ மத்திய அமைச்சரோ ஊருக்கு வருகிற வாரங்களில் இது நடக்கும். செய்தித்தாளில் மாவட்டப் பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள்.

திடலில் முதலில் ஈர்ப்பு மையம். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பங்கு, அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்கு தள்ளி இரு விரல்களால் தாங்கிப் பிடித்தால் விமானம் சமமாக, மூக்கு சற்றே தாழ்ந்து நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னால் தள்ளுங்கள். அடுத்து, விசிறியைக் கழற்றிவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள். மோட்டார் தானாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஃபெயில்சேஃப், அதாவது தொடர்பு விட்டால் மோட்டாரை நிறுத்தும் ஏற்பாடு, அமைக்கவில்லை என்று அர்த்தம், அன்று பறக்கக் கூடாது. ரிமோட் தொடர்பு விட்டுப்போன விமானம் முழு வேகத்தில் எங்கோ போவதுதான் செய்தித்தாளுக்கு வரும் விபத்து.

காற்றை எதிர்த்து எறியுங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். கூட வந்த ஒருவர் வானத்தை மட்டும் பார்க்கட்டும், சிறுவர்கள் கூடுவார்கள், அவர்களை உங்களுக்குப் பின்னால் நிறுத்துவதும் அவர் வேலை. 120 மீட்டர் உயரம் என்றால் உயர்ந்த தென்னையை ஒன்றின் மேல் ஒன்றாக ஆறு அடுக்கினது போல. அவ்வளவு மேலே போனால் உங்கள் விமானம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே தெரியாது. நடைமுறையில் ஐம்பது மீட்டருக்குள்தான் இருப்பீர்கள். எங்காவது விமான, ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் தேடிக்கொண்டிருக்காமல் உடனே தாழ்த்தி இறக்கிவிடுங்கள். ஆள் ஏறிய விமானத்துக்குத்தான் வழி. பருந்து துரத்தினாலும் அதையே செய்யுங்கள், அது உங்களைவிட நன்றாகப் பறக்கும்.

யாருக்காவது அடிபட்டாலோ பெரிய விபத்து என்றாலோ 48 மணி நேரத்துக்குள் தளத்தில் தெரிவிக்க வேண்டும். 2021 விதிகளை மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. 2025 செப்டம்பரில் ட்ரோன்களுக்கென்றே தனிச் சட்ட வரைவு ஒன்று கருத்துக் கேட்க வெளியிடப்பட்டது. அது சட்டமானால் தண்டனை கூடும், ஆகவே இ-ஜிசிஏ பக்கத்தையும் அவ்வப்போது எட்டிப் பாருங்கள். விமானம் ஏதாவது அரசு வளாகத்துக்குள்ளோ ரயில் பாதை வேலிக்குள்ளோ விழுந்துவிட்டால் சுவர் ஏறாதீர்கள். வாயிலுக்குப் போய் அடையாள அட்டையையும் பதிவு எண்ணையும் காட்டிக் கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் விட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள், ஃபோம் போர்டு ஒரு தாள் வாங்கினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் புது உடம்பு வெட்டிவிடலாம்.